பக்கத்து இருக்கை

2025 ஜனவரி 9, வியாழன்

பால் பாக்கெட் வரவில்லை. இரண்டு முறை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். செம்பூரில் முப்பது வருடம் இருந்தும் ஒரு பால்காரனை நேரத்துக்கு வரவழைக்க முடியவில்லை.

லேகா வங்கியிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கேள்வித்தாளை என் கையில் திணித்தாள். சனிக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் மாணவ விமானி உரிமம். அது கையில் இருந்தால்தான் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஒரு சுற்றுப் பறந்து வர விடுவார்கள். ஏழு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் மலையேறிப் பறக்கும் பள்ளிக்குப் போய் ஞாயிறு திரும்புகிறாளே, எல்லாம் அந்த ஒரு சுற்றுக்காகத்தான்.

"எதிரும் புதிருமா ரெண்டு ஏரோப்ளேன் வரது. என்ன பண்ணுவே?"

"ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பணும்."

"குறுக்கே வந்தா?"

"யாருக்கு வலது கைப்பக்கம் மத்தவன் தெரியறானோ, அவன்தான் வழி விடணும். இதைச் செம்பூர் நாக்கா சிக்னல்ல சொல்லிப் பாரேன், ரிக்‌ஷாக்காரன் இறங்கி வந்து அடிப்பான்."

"விளையாடாதே. ஆகாசத்துல ரேடியோ போயிடுத்து. டவர்லேர்ந்து செவப்பு வெளக்கு விட்டு விட்டு எரியறது."

"இந்த இடம் ஆபத்து, இறங்காதே."

"அணையாம நின்னு எரிஞ்சா?"

"மத்தவாளுக்கு வழி விட்டுட்டு சுத்திண்டே இரு."

எல்லாம் சரி. ஆனால் பதில் சொல்லும்போது நகம் கடிக்கிறாள். கையைத் தட்டிவிட்டேன். "எனக்கு நாப்பத்துநாலு வயசும்மா" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

தேறிவிட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. மீதி ஆறு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

லிஃப்ட் வாசலில் எதிர் ஃப்ளாட் ஜம்பு பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு இதுதான் வேலை.

"என்ன பாகீரதி மாமி, பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டறாளாமே! எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு போட்டு வெச்சுடுங்கோ. பாலக்காட்டுல இறக்கி விட்டாப் போறும்."

"மாணவ விமானி வேற யாரையும் ஏத்திண்டு போகப்படாது. விதி."

"காலி வண்டி ஓட்டறதுக்கா இத்தனை படிப்பு?" என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டார்.

எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். மாலை லேகாவிடம் கேட்டேன். எதற்கு இது உனக்கு? வேலை இருக்கிறது, கார் இருக்கிறது. அஷ்வத்தோடு விவாகரத்து முடிந்து நாலு வருடம் ஆகிவிட்டது, அதுவும் பழகிவிட்டது. இன்னும் என்ன?

"பக்கத்துல ஒருத்தருமே இல்லாம ஒரு காரியம் பண்ணிப் பாக்கணும்மா. ஒரே ஒரு தடவை. சின்ன வயசுலேர்ந்து யாராவது பக்கத்துல இருந்துண்டே இருக்கேள்."

இருந்துண்டே இருக்கேள். அந்தப் பன்மை எனக்கும், இறந்துபோன அவள் அப்பாவுக்கும், அஷ்வத்துக்கும் சேர்த்து.

ஜனவரி 16, வியாழன்

உரிமத்தின் நகலைக் கோப்பில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கோப்பு அலங்கோலமாக இருந்தது. தேதி வாரியாக அடுக்கினேன். அடியில் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தின் நகல். அவள் கையெழுத்து. நான் கண்டித்துக் கண்டித்து நிமிர்த்திய எழுத்து.

வலிப்பு, நினைவு தப்புதல் எப்போதாவது ஏற்பட்டதுண்டா – இல்லை.

நரம்புக் கோளாறுக்கு எப்போதாவது மருந்து உட்கொண்டதுண்டா – இல்லை.

கடைசியில், எனக்குத் தெரிந்த எதையும் மறைக்கவில்லை என்ற உறுதிமொழி. கையொப்பம்.

அவள் பொய் எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறாள்.

கோப்பை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. லேகா ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

ஜனவரி 17, வெள்ளி

எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடமாக எங்கும் எழுதாதது.

1990 ஆகஸ்ட். லேகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு அனுப்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பின்னல் கையிலிருந்து நழுவியது. கண்கள் மேலே போய், கை கால் விறைத்து, பிறகு உதறல். காய்ச்சல் இல்லை. எழுந்ததும் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஜுரத்தில் தூங்கிவிட்டாய் என்றேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு, இன்னொரு தடவை.

அப்போது மாட்டுங்காவில் குடியிருந்தோம். அங்கே டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் மாட்டுங்காவில் எந்த டாக்டர் வாசலில் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம் குறைந்தது இரண்டு இருக்கும். "குழந்தைக்கு என்ன?" என்று கேட்கும். பத்து வருடம் கழித்து யாராவது ஜாதகம் கேட்டு வரும்போது அந்த இரண்டு முகங்களும் வாயைத் திறக்கும். அதனால் தாணேக்குக் கூட்டிப் போனோம். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை. கோயிலுக்கும் போனோம், அது பொய்யாகிவிடக் கூடாதென்று.

சின்ன வெள்ளை மாத்திரை, இரண்டரை வருடம். அட்டையிலிருந்து பிரித்து, காலியான வைட்டமின் பாட்டிலில் போட்டு வைப்பேன். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். பிறகு ஒரு நாளும் வரவில்லை. லேகா கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவள் அப்பா மருந்துச் சீட்டுகளையெல்லாம் கிழித்தார். நான் கிழிசல்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் குப்பையில் போட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் பறக்கக் கற்கப் போகிறேன் என்றபோது இது நினைவுக்கு வரவில்லையா? வரவில்லை.

வரவில்லையா?

ஜனவரி 20, திங்கள்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தாணேக்கு ரயிலேறினேன். அந்த மருத்துவமனை இருந்த மாடியில் இப்போது கணக்கு டியூஷன் நடக்கிறது. டாக்டர் காலமாகிப் பதினோரு வருடமாம். திரும்பும்போது குர்லாவில் செம்பூர் ரயிலுக்கு மாறாமல் தாதர் வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து மாட்டுங்காவுக்கு வெயிலில் நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று தெரியவில்லை. காரணம் வேண்டுமே என்று கால் கிலோ காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அரைக் கிலோ இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையே படிவம் பார்ப்பதுதான். உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு எழுதிய பதில் உண்மையா என்று துருவுவது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே, கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல் என்பதுதான். அதை வைத்துத்தான் அந்த நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு முறை, செம்பூர் பக்கத்துக் குடிசைப் பகுதியான சீத்தா கேம்ப்பிலிருந்து பேகம் என்று ஒரு பெண் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்தாள். கணவன் இறந்துவிட்டான். இருதய நோயை மறைத்திருக்கிறான் என்று நான் குறிப்பெழுதியிருந்தேன். "அவருக்கே தெரியாதும்மா. டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு. பயந்துருவாருன்னு நான்தான் சொல்லல" என்றாள். ஆனால் படிவத்தைப் பூர்த்தி செய்தது அவள். அதனால் குறிப்பை நான் மாற்றவில்லை. பணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது மாற்றுவேனா? அதுவும் தெரியவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவதென்று குளிக்கும்போதே தீர்மானம்.

லேகா வாசலிலேயே, "பிப்ரவரி எட்டும்மா! சனிக்கிழமை காலம்பற தனியாப் பறக்கலாம்னு காப்டன் சொல்லிட்டார்" என்றாள். காப்டன் என்றால் அவள் ஆசிரியர். பையைக்கூட இறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் சீப்பை விமானமாக வைத்து, ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். கிளம்புவதற்கு முன் பெட்ரோலைச் சின்னக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாக நிற்கும். மேலே எழும்பும்போது என்ஜின் நின்றுபோனால் கிளம்பின இடத்துக்குத் திரும்பப் பார்க்கவே கூடாதாம். வேகம் செத்து விழுந்துவிடும். மூக்கைத் தாழ்த்தி, நேரே முன்னால் கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும்.

"திரும்பணும்னுதான் மனசு அடிச்சுக்கும். அதுக்குத்தான் தரையிலேயே நூறு தடவை சொல்லி வெச்சுக்கறோம்" என்றாள்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் விமானி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஆறு கேள்விகள். உடம்பு சரியாக இருக்கிறதா, மருந்து ஏதாவது சாப்பிட்டேனா, மனதில் உளைச்சல் இருக்கிறதா, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குடித்தேனா, களைப்பா, சாப்பிட்டேனா. ஒன்றுக்குப் பதில் சரியில்லையென்றாலும் போகக் கூடாது. யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். தானே சொல்லித் தானே நிற்க வேண்டும்.

"லேகா" என்றேன்.

"என்னம்மா?"

"நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கேன். எடுத்துக்கோ."

வெட்கக்கேடு.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜன்னல் கம்பிகளை மூன்றாம் முறை துடைத்தேன். குர்லாப் பக்கம் இறங்கும் விமானங்களை எண்ணத் தொடங்கி, நாற்பதில் நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

முழு விதியையும் படித்துவிட்டேன். உடல்தகுதிக்குக் குறைவு இருப்பதாக விமானிக்குத் தெரியவந்தால், அந்த நிமிடத்திலிருந்து பறக்கக் கூடாது. தெரியாதவரை அவள்மேல் தப்பில்லை. தெரிந்துவிட்டால் நிற்க வேண்டியது அவள் கடமை. இவளும் என்னைப் போலத்தான், நின்றுவிடுவாள்.

மாத்திரையை நிறுத்தி முப்பத்திரண்டு வருடமாக ஒன்றும் இல்லை. இனியா வரப் போகிறது? ஒரே ஒரு சுற்று, ஆறு நிமிடம். சொன்னால் அது போய்விடும். நிச்சயமாகப் போய்விடும். சொல்லாவிட்டால், அநேகமாக ஒன்றும் ஆகாது.

அநேகமாக. இந்த வார்த்தையை யாராவது படிவத்தில் எழுதிக் கொண்டுவந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

நாளை அவள் கிளம்புவதற்குள் சொல்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சொல்லவில்லை. வங்கியிலிருந்தே நேராகப் போய்விட்டாள். "எட்டு மணிக்குச் சுவாமிக்கு வெளக்கேத்தி வை, போறும்" என்று போனில். இதைப் போனில் சொல்ல முடியுமா? முடியாது. நேரில் போகக் காலை ஐந்து மணிக்கு டாக்சி சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

வீடு வந்து சேர்ந்தாயிற்று. காப்பி போட்டேன். குடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். பார்வைக்குத் தூரம் தெரியாவிட்டால் மாணவர்களை மேலே அனுப்ப மாட்டார்கள். மூட்டம் இன்னும் இருக்கட்டும், இன்னும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பளீரென்று வெயில்.

தகரக் கூரை, கம்பிவேலி, அந்தப் பக்கம் நீளமாக ஓடுபாதை. வேலியோரம் முக்காடு போட்ட ஒரு பெண் கையில் ரேடியோவோடு நின்றாள். அஸ்ரின் என்று பெயர், அவளும் மாணவி, இருபது வயதிருக்கும். லேகாவை அக்கா முறைக்குத் தீதி என்கிறாள்.

"லேகா தீதியோட அம்மாவா? சரியான டைமுக்கு வந்தீங்க ஆன்ட்டி! சாரோட மூணு சுத்து போய் வந்துட்டாங்க. அங்க பாருங்க, சார் இறங்கிட்டாரு. இனிமே தீதி அகேலி, தனியாத்தான்!"

தூரத்தில் புல்மேல் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். விமானத்துக்குள் ஒரே ஒரு தலை.

"நிறுத்தச் சொல்லு."

"என்னா ஆன்ட்டி?"

"அவளை நிறுத்தச் சொல்லு. மருத்துவக் காரணம். நான் அவ அம்மா, சொல்றேன்."

அலுவலகக் குரல்தான் வந்தது. அந்தக் குரலுக்கு நன்றி. அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள், பிறகு ரேடியோவை அழுத்திப் பேசினாள். புல்லில் நின்றவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினார். வேகம் பிடித்திருந்த விசிறி மெதுவாகி, கடைசியில் நின்றது.

அவர்தான் காப்டன் முகம்மது ஹனீப். தாராவியில் பிறந்தவர், வாப்பா தோல் பட்டறை வைத்திருந்தவர் என்று லேகா சொல்லியிருக்கிறாள். அறுபது வயதிருக்கும். பேச்சு இன்னும் திருநெல்வேலிதான். ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த வருசம்மா இது?"

"தொண்ணூறு."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மூச்சை வெளியே விட்டார். "சரி. நான் கேட்டாச்சு. இனி கேக்காத மாதிரி இருக்க என்னால ஏலாது. இன்னைக்கு அவங்க பறக்க மாட்டாங்க. ஆனா ஏன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"நீங்களே சொல்லிடுங்கோளேன். உங்க வார்த்தைன்னா கேப்பா."

எழுதவே கூசுகிறது. ஆனால் இப்படித்தான் கேட்டேன்.

"நல்லாருக்கே! முப்பத்தஞ்சு வருசமா வாயில வச்சிருந்தத எங்கிட்ட துப்பிட்டு வீட்டுக்குப் போகலாம்னு பாக்குதீயளா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போங்கம்மா. அந்தப் புள்ள ஒத்தையில நிக்கி பாருங்க."

லேகா பாதி தூரம் ஓடி வந்திருந்தாள். "அம்மா? யாருக்கு என்ன ஆச்சு?" யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

சொன்னேன். தலை வாரினது, ஞாயிற்றுக்கிழமை, தாணே, பாட்டில். நின்ற இடத்திலேயே, வெயிலிலேயே.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"அந்த வைட்டமினா? ஸ்கூல் கிளம்பறச்சே தினம் குடுப்பியே, அதுவா?"

"ஆமாம்."

"அதைப் பத்தி கிளாஸ்ல பீத்திண்டிருக்கேன்மா. எங்கம்மா எனக்கு மட்டும் ஸ்பெஷல் டானிக் தராள்னு." சிரித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அஷ்வத் ஆத்துல தெரியுமா?"

"தெரியாது."

"பரவாயில்லை. ஒரு விஷயத்துலயாவது அவன் மேல தப்பில்லை."

அப்புறம் ஏதோ தோன்றியது போல முகம் மாறியது. "பதினெட்டு வருஷமா ஹைவேல கார் ஓட்டறேன். யார் மேலயாவது ஏத்தியிருந்தா? நீ பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்துண்டு வருவியே!"

"அதுக்குத்தான் உக்காந்துண்டு வந்தேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ. ஆனால் உண்மை அதுதான். மாட்டுங்காவில் காய் வாங்கவோ அவள் சிநேகிதி கல்யாணத்துக்கோ, எங்கே கிளம்பினாலும் நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்வேன். ஒரு கை எப்போதும் ஹாண்ட் பிரேக் பக்கத்தில் இருக்கும்.

அவள் திரும்பி நடந்தாள். அலுவலகத்துக்குள் போய் ஒரு காகிதம் கேட்டு வாங்கினாள். இன்று தெரியவந்த மருத்துவத் தகவல் காரணமாக, மறு பரிசோதனை வரை பறப்பதை நானே நிறுத்திக்கொள்கிறேன். தேதி, நேரம் – 9.25. கையொப்பம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

டாக்சியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ன பண்ணியிருக்கணும் நான்? ஊரெல்லாம் சொல்லியிருக்கணுமா? வலிப்பு வந்த பொண்ணுன்னு ஒரு பேர் வெச்சா அது சாகற வரைக்கும் போகுமா? அந்தக் காலத்துல யார் கட்டிண்டிருப்பா?

சரி, கட்டிக்கொண்டவன் என்ன வாழவைத்தான்?

சரி, ஊருக்கு வேண்டாம். அவளுக்கு? பதினெட்டு வயதில் சொல்லியிருக்கலாம். முப்பதில் சொல்லியிருக்கலாம். விவாகரத்தாகி வந்தபோது, இனி மறைக்க ஜாதகமே இல்லாதபோது சொல்லியிருக்கலாமே. அப்போது ஏன் சொல்லவில்லை?

கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்!

பிப்ரவரி 13, வியாழன்

லேகா சாப்பாட்டு டப்பா எடுத்துப் போவதில்லை. கார் சாவி அலமாரியில் கிடக்கிறது. ரயிலில் போகிறாள்.

பிப்ரவரி 22, சனி

இரண்டு வாரத்துக்குப் பிறகு முழு வாக்கியம் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே:

"பறக்க முடியாமப் போனதுக்கு எனக்குக் கோவம் இல்லைம்மா. என் உடம்புல நடந்தது. அது உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், தாணேல எவனோ டாக்டருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அதுதான்."

மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்? யோசித்துப் பார்த்தேன், யாரும் நினைவுக்கு வரவில்லை. சரியாகக் கேட்கத் தெரியவில்லை. கடிதத்தின் கடைசி வரி மாதிரி இருந்தது.

"ம்" என்றாள். பாவாடையை மடித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

நரம்பு மருத்துவர். "நீயும் வரணும். பார்த்தது நீதான்" என்று லேகா சொன்னதால் போனேன். மருந்துச் சீட்டு ஏதும் இல்லை என்றதும் மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். என்னைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கக் கை முதலில்? நாக்கைக் கடித்தாளா? எவ்வளவு நேரம்?

"முதல் தடவை ஏழு நாப்பதுலேர்ந்து ஏழு நாப்பத்திரண்டு. ரெண்டாவது ஒன்றரை நிமிஷம்."

லேகா திரும்பினாள். "நீ கடிகாரத்தைப் பார்த்துண்டா இருந்தே?"

"அப்பா உன் தலையைப் பிடிச்சுண்டிருந்தார். அழுதுண்டிருந்தார். யாராவது ஒருத்தர் மணி பாக்க வேண்டாமா?"

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போது லேகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படி உயரமாக இருந்ததால் இருக்கலாம்.

ஏப்ரல் 19, சனி

மூளை அலைப் பதிவு, ஸ்கேன், இரத்தம். எல்லாம் சுத்தம். காகிதங்கள் மருத்துவக் குழுவுக்குப் போய்விட்டன. நான் எழுதிக் கொடுத்த சாட்சி வாக்குமூலமும், நாலு பக்கம். மாத்திரையை எந்தப் பாட்டிலில் போட்டேன் என்பது வரை எழுதினேன்.

ஜூலை 4, வெள்ளி

மழை. கடிதம் வந்தது. லேகா சமையலறையில் நின்றபடியே பிரித்து, ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை உரக்கப் படித்தாள். தனியே பறக்கத் தகுதியில்லை. தகுதி பெற்ற விமானி ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்தால் பறக்கலாம்.

"எப்பவும் பக்கத்துல ஒரு ஆள்" என்றாள். "பாரும்மா, சர்க்காரே உன் கட்சிதான்."

சிரிக்கச் சொன்னதா, குத்தச் சொன்னதா? இரண்டும்தான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

கார் ஓட்டத் தடையில்லை என்று மருத்துவர் மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். இன்றுதான் சாவியை எடுத்தாள். நானும் பழக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"நீ வேண்டாம்மா."

கழற்றி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு உடம்பு வேலை என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 7, திங்கள்

படியில் ஜம்பு. "என்ன மாமி, பொண்ணு பறக்கறதை விட்டுட்டாளாமே?"

"அவளுக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்தது. அதனால தனியா விட மாட்டா."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருடத்தில் ஜம்புவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து லேகாவிடம் சொன்னேன், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவள் உரிமை, கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று.

"ஜம்பு மாமா மூஞ்சி எப்படி இருந்தது?" என்றாள்.

நடித்துக் காட்டினேன். எனக்கு நடிக்க வராது. ஆனாலும் சிரித்தாள்.

நவம்பர் 15, சனி

மழைக்காலம் முடிந்து லேகா மறுபடி பறக்கத் தொடங்கி மூன்று வாரம். "வரியா?" என்று வியாழக்கிழமை கேட்டாள். போனேன். லேகாதான் கார் ஓட்டினாள், வழியில் சீத்தா கேம்ப்பில் அஸ்ரினை ஏற்றிக்கொண்டோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், முறுக்கு டப்பாவோடு.

இன்று அஸ்ரினின் நாள். ஒன்பது மணிக்குக் காப்டன் இறங்கி நின்றார். அவள் தனியாகக் கிளம்பினாள், ஒரு சுற்று, கொஞ்சம் குதித்து இறங்கினாள். முதல் முறை தனியே பறந்தவர்களைத் தலையோடு நனைப்பது இங்கே வழக்கமாம். வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினது லேகா. அந்தப் பெண் "தீதி, முக்காடு, முக்காடு!" என்று கத்தக் கத்த முழு வாளியையும் கவிழ்த்தாள். அப்புறம் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். லேகா வாளியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுபாதையைப் பார்த்து நின்றாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

காப்டன் பக்கத்தில் வந்து ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார். "உங்க மக கை ரொம்ப சுத்தம்மா. அவங்க ஓட்டும்போது நான் பாட்டுக்கு ஊர் பாத்துட்டு வாரேன். எனக்கு அங்கன வேலையே இல்ல."

"வேலை இல்லாட்டாலும் உக்காருங்கோ" என்றேன்.

பத்தரைக்கு லேகாவின் முறை. விமானத்தைச் சுற்றி வந்தாள். பெட்ரோலைக் குழாயில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அவள் இடப்பக்கம் ஏற, அவர் வலப்பக்கம் ஏறினார். கண்ணாடிக்குள் அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. கையில் கிளம்புமுன் சரிபார்க்கும் பட்டியல். ஒவ்வொரு வரியின் மேலும் விரல் வைத்து, வாயசைத்துப் படித்து, அதைத் தொட்டுப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நானும் கையசைக்கவில்லை.